குரவமலைச் சாலையில் ஒருவேளைச் சோறு

தர்மசந்திரனின் சைக்கிள் கேரியர்மேல் நெல் மூட்டை ஏறியிருக்கிறது, வாழைத்தார் ஏறியிருக்கிறது, மழையில் நனைந்துகொண்டு வழியோரம் நின்ற முன்பின் அறியாத மனிதர்கள்கூட ஏறியிருக்கிறார்கள். யாருக்காக அவர் அதன்மேல் இலவம்பஞ்சுத் திண்டு தைத்துக் கட்டினாரோ, அந்த மனைவி தயாவதி மட்டும் ஆறு ஆண்டுகளாக அதில் ஏறவில்லை.

காஞ்சிபுரத்தில் நெல் மண்டி வைத்திருந்த தர்மசந்திரனுக்கு அப்போது ஐம்பதை எட்டிப் பார்க்கும் வயது. பாலாற்றுக்குத் தெற்கே, சமணக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உழுது வாழ்ந்த ஒரு சிற்றூரில் பிறந்தவர். வியாபாரத்தின் பொருட்டு நகரத்தில் குடியேறியவர். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் இருவரே. மனைவியைப் பின்னால் அமர்த்திக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கேனும் காற்றாடப் போய்வர வேண்டும் என்பதற்கு மேல் அவர் இவ்வுலகத்திடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை.

அந்த ஆசையில் ஐயம்பேட்டைச் சாலையில் மண் விழுந்தது. மண் என்பதைவிடச் சேறு என்பதே பொருந்தும்.

சாலை என்பது மாட்டுவண்டிக்கும் பாதசாரிக்கும் சைக்கிளுக்கும் பொதுவாகப் போடப்பட்டது. லாரி ஓட்டிகளுள் பலரோ அதனைத் தம் பாட்டன் எழுதிவைத்துவிட்டுப் போன சொத்தென்றே எண்ணிக்கொண்டிருந்தனர். எதிரே வருவது மனிதனா மாடா என்று பார்ப்பதில்லை. ஆரனில் வைத்த கையை எடுப்பதில்லை. நடுச்சாலையும் அவர்களுக்கே, ஓரமும் அவர்களுக்கே, மழைநீர் தேங்கிய பள்ளம் மட்டும் மற்றவர்களுக்கு. கேட்பார் யார்? அப்படிப்பட்ட ஒருவன் பின்னாலிருந்து அலறிக்கொண்டு வந்தபோது, தர்மசந்திரன் சைக்கிளை ஒடித்தார். சைக்கிள் வரப்பைத் தாண்டிற்று. கணவனும் மனைவியும் நாற்று நடுவதற்குத் தயாராயிருந்த கழனியில் முழங்கை வரை புதைந்தார்கள். லாரிக்காரன் நிற்கவில்லை. கிளி ஒன்று பாடுவதைப்போல் ஆரனை இருமுறை ஒலித்துவிட்டுப் போனான்.

தயாவதி எழுந்தாள். புடைவையைப் பிழிந்தாள். வீட்டை நோக்கி நடந்தாள். வாசற்படி ஏறும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"இனிமே உங்க சைக்கிள்ல நான் குந்தறதா இல்லீங்க."

அவள் ஒன்றை இரண்டாம் முறை சொல்லும் வழக்கமுடையவள் அல்லள்.

ஆறு ஆண்டுகளுக்குப் பின் வழி ஒன்று பிறந்தது. அதனைக் கொண்டுவந்தவர் முனிரத்தினம். பிள்ளையார்பாளையத்துப் பட்டு நெசவாளர். தர்மசந்திரனோடு ஒரே பள்ளியில் படித்தவர். சமணரான நண்பரை 'நயினாரே' என்றே அழைப்பவர். அன்று தொடங்கிய கேலியை இன்னும் நிறுத்தாதவர். ஒருநாள் அவர் தறியில் அமர்ந்தபடியே, கை நாடாவை ஓட்டிக்கொண்டிருக்க, செய்தியைச் சொன்னார்.

"குரவமலைக்குப் போயிருந்தேம்பா, மச்சான் வூட்டுக்கு. அங்க ஒரு ரோடு போட்டுக்கீறான் பாரு, எங்க முதலியாரு கல்யாணத்துக்கு நெய்யற பட்டு கெட்டுது! அணை கட்டறதுக்குக் கல்லு எடுக்கறேன்னு மலைமேல ஏத்தி அந்தாண்ட எறக்கிக்கீறான். அப்புறம் கல்லு சரியில்லன்னு வேலைய வுட்டுட்டான். இப்ப காட்டிலாகா ரெண்டு பக்கமும் கேட்டு போட்டுப் பூட்டிட்டுது. பூங்கா வைக்கப் போறானாம்."

"பூட்டிட்டா அப்புறம் இன்னாத்துக்கு ரோடு?"

"அட, முழுசாக் கேளு நயினாரே. கேட்டுக்குப் பக்கத்துல ஒரு சந்து வுட்டுக்கீறான். ஆளு போலாம், சைக்கிள் போலாம். லாரி கெடையாது, பஸ் கெடையாது, காரு கெடையாது. எம் மச்சான் ரெண்டு கையையும் வுட்டுட்டு ஓட்டறான்."

தர்மசந்திரன் அடுத்த ஞாயிறே தனியே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

மலையின் மேற்கு அடிவாரத்தில் கேட் இருந்தது. அதன்மேல் ஒரு பலகை தொங்கிற்று. ஒற்றை வாக்கியத்துக்குள் அத்தனை பிழைகளை அடக்கிவிட முடியும் என்பதை அதை எழுதியவர் மெய்ப்பித்திருந்தார். ஆயினும், மோட்டார் வாகனங்கள் உள்ளே வரலாகாது என்னும் கருத்து எப்படியோ விளங்கிற்று. தர்மசந்திரனுக்கு அந்தப் பலகையைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றிற்று. அதற்கப்பால் கரிய சாலை, வளைந்து வளைந்து, காட்டுக்குள் ஏறிற்று. இருபுறமும் உசிலையும் வெப்பாலையும் நெருங்கி நின்றன. ஏற்றம் மிகவும் செங்குத்தன்று, ஆனால் ஓய்வதுமில்லை. மூச்சு வாங்கும்போது இறங்கித் தள்ளலாம். தள்ளும்போது பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. அந்தத் திரும்பிப் பாராமைதான் அவரைக் கிறங்கவைத்தது. கழுத்து நரம்பு ஒன்று இத்தனை ஆண்டுகளாக இறுகியே இருந்ததை, அது தளர்ந்தபோதுதான் அவர் அறிந்தார். உச்சியில் ஒரு கணவாய். அதைத் தாண்டினால் கிழக்குச் சரிவு; மிதிக்காமலே போகலாம். சரிவின் அடியில் ஒரு பெரும்பாறை. அதன் நிழலில் தீர்த்தங்கரர் ஒருவரின் புடைப்புச் சிற்பம். எந்தக் காலத்திலோ யாரோ செதுக்கியது. அதைக் கண்டதும் தர்மசந்திரன் பக்தியால் கும்பிட்டார். கும்பிட்டு முடிக்கும் முன்பே அவருக்கு ஓர் உபாயமும் தோன்றிவிட்டது.

"மலைக்கு அந்தாண்ட நம்ம சாமி ஒண்ணு இருக்குது தயா. கண்ண மூடிக்கினு குந்தியிருக்கறாரு. கேக்க ஆளில்ல. ஒரு பூ வெக்க நாதியில்ல."

தயாவதி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "எதுல போறது?"

"பஸ்ஸு மேல சைக்கிள ஏத்திக்கினு அடிவாரம் வரைக்கும். அங்கேர்ந்து..." அவர் இருமினார். "அந்த ரோட்டுல லாரியே கெடையாது. ஒரு மோட்டார்கூடக் கெடையாது. என் கண்ணாலயே பாத்துட்டு வந்துட்டேன்."

கீரை ஆய்வது கொஞ்ச நேரம் தொடர்ந்தது.

"ஒருதபா வர்றேன். ஆனா அடுத்த ஞாயித்துக்கெழம சதுர்த்தசி. எனக்கு ஒருவேளதான். சாமியக் கும்பிட்டுட்டுத்தான் சாப்பிடுவேன்."

"மதியத்துக்குள்ள போயிடலாம். நான் பொறுப்பு."

மறுநாள் முனிரத்தினத்திடம் இதைச் சொன்னபோது, அவர் தறியையே நிறுத்திவிட்டார்.

"அம்மா ஒத்துக்கினாங்களா! பாத்து ஓட்டு நயினாரே. இந்தத் தபாவும் கழனில எறக்கினன்னா, அப்புறம் அந்தத் திண்ட எங்கிட்ட குடுத்துடு. நான் தறில போட்டுக் குந்திக்கறேன்."

"இந்த ஒருதபா நல்லபடியாப் போய்ட்டு வந்துட்டாப் போதும்பா. அப்புறம் அவளே வருவா. இது கோணிச்சுதுன்னா, இந்த ஜென்மத்துல இல்ல."

இங்கே தயாவதியின் உணவு ஒழுக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை என்பது சமணர் பலரும் காக்கும் நெறி. தயாவதி நீரும் பருகுவதில்லை. அவள் பிறந்த வீட்டில் இன்னுமொரு வழக்கம் இருந்தது: சூரியனைக் கண்ணால் கண்டுவிட்டே இலைமுன் அமர்வது. மழைநாளில் என்ன செய்வது? வேலியில் அந்தியில் பூக்கும் பீர்க்கம்பூ மலர்வதற்குள் உண்டு முடிப்பது. மேகம் இல்லாத நாளில் சூரியன் தெரியவில்லை என்றால், அது மறைந்துவிட்டது என்பதே பொருள். அதற்குமேல் அந்த வீட்டார் விவாதம் செய்ததில்லை. சதுர்த்தசியில் அவளுக்கு ஒரே வேளை உணவு, நீரும் அப்போதுதான். அந்த ஒரு வேளை தவறினால், முதல்நாள் மாலை தொடங்கி மறுநாள் காலை வரை ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லை.

மதியத்துக்குள் போய்விடலாம் என்று பொறுப்பேற்றவர் பஸ்ஸைக் கணக்கில் கொள்ளவில்லை. செவிலிமேட்டைத் தாண்டி, ஆற்றையும் கடந்து, தெற்கே கொஞ்சதூரம் ஓடிய பஸ், புகைந்துகொண்டு ஒரு புளியமரத்தடியில் நின்றுவிட்டது. அடுத்த பஸ் வந்து, ஒரு பஸ்ஸின் தலையிலிருந்து மற்றொன்றின் தலைக்குச் சைக்கிள் மாறி, அவர்கள் அடிவாரம் சேர்ந்தபோது உச்சிப்பொழுது கடந்திருந்தது.

கேட்டருகே காவலர் காசிநாதன் காக்கிச் சட்டையின் பொத்தான்களைத் திறந்துவிட்டுக் கல்லில் அமர்ந்திருந்தார்.

"அம்மாவையும் ஏத்திக்கினா மலையேறப் போறீங்க? ஐயாவுக்குத் தெம்புதான்."

"மேட்டுல எறங்கி நடப்பா. எறக்கத்துல குந்திக்குவா."

"எறக்கத்துல பிரேக்கு புடிக்குதா பாத்துக்குங்க. மோட்டாரு கெடையாது, ஆனா மயிலு திடீர்னு குறுக்க வரும். ஆரன் அடிச்சா நவராது, மொறச்சிக்கினு நிக்கும்."

தயாவதி சோற்றுத் தூக்கையும் கூஜாவையும் மடியில் அணைத்துக்கொண்டு கேரியரில் ஏறினாள். ஏறியவள் மரப்பாவைபோல் இருந்தாள். ஒரு கை இருக்கையின் கம்பிச் சுருளை இறுகப் பிடித்திருந்தது. முதல் வளைவுவரை அந்தப் பிடி தளரவில்லை. மேடு கடுமையான இடத்தில் இறங்கி நடந்தாள். சமனான இடத்தில் மறுபடி ஏறினாள். இரண்டாம் வளைவு. மூன்றாவது. பின்னாலிருந்து ஒன்றும் வரவில்லை. முன்னாலிருந்தும் ஒன்றும் வரவில்லை. சக்கரம் தாரில் உருளும் ஓசையைத் தவிர, சாலையில் வேறு அரவமே இல்லை.

"ஏங்க," என்றாள் மெல்ல.

"இன்னாமா?"

"ஒண்ணுமில்ல. நான் பேசறது எனக்கே கேக்குது."

தர்மசந்திரன் முன்னால் பார்த்தபடி சிரித்துக்கொண்டார். அதன்பின் அவள் நிறுத்தவில்லை. மகள் வீட்டுச் செய்தி, மண்டிக் கணக்குப்பிள்ளையின் மூக்குப்பொடி, எதிர்வீட்டுக்காரி புதிதாக வாங்கிய டிரான்சிஸ்டர், அது பாடும்போது அவள் தானும் கூடப் பாடுவது, இரண்டில் எது மோசம் என்பது. வீட்டில் இத்தனையும் பேச ஒரு மாதம் ஆகும். கணவாயில் நின்று திரும்பிப் பார்த்தார்கள். சமவெளி முழுதும் விரிந்து கிடந்தது. ஏரிகள் தகடு தகடாக மின்னின. நெடுந்தொலைவில் பாலாற்று மணல் ஒரு வெளுத்த கோடு.

கிழக்குச் சரிவில் இறங்கும்போது அவள் கண்களை மூடிக்கொண்டாள். நடுவழியில் திறந்தாள். பிறகு மூடவில்லை. "இன்னும் கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன்" என்று அவள் சொன்னதைத் தர்மசந்திரன் வாழ்நாளெல்லாம் முனிரத்தினத்திடம் சொல்லிக்கொண்டிருக்கலாம் என்று எண்ணிய அந்தக் கணத்தில், பின்சக்கரம் பெருமூச்சு விட்டது.

கருவேல முள். ஒட்டுப்போடும் சாமான்கள் அவரிடம் இருந்தன. டயரைக் கழற்றி, ஓடைப் பள்ளத்துத் தண்ணீரில் டியூபை அமுக்கி, குமிழி வரும் இடம் கண்டு, தேய்த்து, ஒட்டி, காற்றடித்து ஓட்டினால், கொஞ்சதூரத்திலேயே மறுபடி காற்றிறங்கிற்று. முள் ஒன்றன்று, இரண்டு. மறுபடி கழற்றினார். அவர் நெற்றியில் வேர்வை வழிந்தது, உழைப்பினால் மட்டுமன்று.

"மொதல்ல சாப்பிட்டுடறியா தயா? சாமி கோச்சிக்க மாட்டாரு."

"சாமி கோச்சிக்க மாட்டாரு. நான்தான சொன்னேன், கும்பிட்டுட்டு சாப்பிடறேன்னு? பொறுமையா ஒட்டுங்க. இந்தவாட்டி நல்லாத் தேயுங்க."

பாறையை அடைந்ததும் அவள் சாமிக்குச் செய்யவேண்டியதைக் குறையாமல் செய்தாள். சருகைப் பெருக்கித் தள்ளினாள். எறும்பு மிதிபடாமல் காலடி வைத்தாள். கொண்டுவந்த பூக்களைச் சிற்பத்தின் திருவடியில் சாத்தினாள். தாழ்ந்த குரலில் துதி சொன்னாள். துதி நீண்டது. நடுவே அவசரப்படுத்தத் தர்மசந்திரனுக்கு வாய் வரவில்லை. முடிந்ததும் சாலையோரத்து மதகில் வாழையிலையை விரித்து, புளியோதரையும் வாழைக்காய் வறுவலும் எடுத்து வைத்துவிட்டு, அவள் அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள். இப்புறமும் அப்புறமும் பார்த்தாள்.

"ஏங்க, சூரியன் எங்க?"

அப்போதுதான் அவரும் பார்த்தார். மலை, பெரிய யானை ஒன்று முதுகைக் காட்டிப் படுத்திருப்பதுபோல், மேற்கு முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தது. அதன் நிழல் பாறையையும் சாலையையும் அவர்களையும் மூடி, கீழே காட்டின்மீதும் நீண்டு கிடந்தது. வியாபாரம் செய்கிறவர், பஞ்சாங்கம் பார்க்கிறவர், சூரியன் எப்போது அடையும் என்பது அவருக்கு அத்துப்படி. ஆனால் அவர் அறிந்தது சமவெளியில் அடையும் நேரம். நடுவில் ஒரு மலை நிற்கும் என்பதை அவர் நினைக்கவேயில்லை.

"மலைக்குப் பின்னால இருக்குது" என்றார்.

"பின்னால போயிட்டுதா?"

"போயிட்டுதுன்னு சொல்லாத. இருக்குது. இன்னும் ஒருமணி நேரத்துக்குக் கொறையாம இருக்குது. எவ்ளோ வெளிச்சம் பாரு!"

"மறைஞ்ச பெறகும்தான் வெளிச்சம் இருக்குது."

"மறையலமா! மலை மறைக்குது, அவ்ளோதான்."

"தெனமும் அது எதுக்குப் பின்னாலயாச்சும்தான போவுது? நம்மூர்ல தென்னந்தோப்புக்குப் பின்னால போவுது. டவுன்ல கோபுரத்துக்குப் பின்னால போவுது. அப்பல்லாம் தோப்பு மறைக்குதுன்னு சொல்லி நீங்க சாப்பிடுவீங்களா?"

நெல் மண்டியில் நாள்தோறும் பேசி வெல்கிறவர், மதகில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அவள் கோபித்துக்கொண்டிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். அவள் கோபிக்கவில்லை. சோற்றை மறுபடி தூக்கில் போட்டாள், இலையை மடித்தாள். "பரவால்லீங்க. காலைல சாப்பிட்டாப் போச்சு. சாமியப் பாத்தாச்சு இல்ல?" என்றாள். அவளுடைய உதடுகள் காய்ந்திருந்தன. காலையிலிருந்து நடந்து, வெயிலில் நின்று, ஒரு வாய் நீரும் பருகாதவளின் உதடுகள். மதியத்துக்குள் போய்விடலாம், நான் பொறுப்பு என்று சொன்ன தம் குரல் அவர் காதில் ஒலித்தது. இனி இந்தக் கேரியர் நெல்லுக்குத்தான் என்று அவர் தமக்குள் சொல்லிக்கொண்டார். அதைவிட, அவள் இன்றிரவு தாகத்தோடு படுப்பாள் என்பது உறுத்திற்று.

அவர் மேலே நோக்கினார். மலைமுதுகின் உச்சியில், கணவாய்க்கு இருபுறமும் நின்ற மரங்களின் தலைகள் மட்டும் மஞ்சள் பூசினாற்போல் ஒளிர்ந்துகொண்டிருந்தன.

"தயா, அதப் பாரு. மேல வெயில் அடிக்குது."

"ஆமா."

"அங்க போனா சூரியன் தெரியும். தெரிஞ்சா சாப்பிடுவியா?"

அவள் இதனைச் சட்டென்று ஏற்கவில்லை. முறையாக ஆராய்ந்தாள். "ஒருதபா மறைஞ்சது மறுபடி தெரிஞ்சா, அது கணக்கா?"

"மேகத்துக்குள்ள போய்ட்டு வெளிய வர்றதில்லையா? அப்ப சாப்பிடறதில்லையா?"

"சரி. கண்ணால பாத்தா சாப்பிடறேன். தெரியலன்னா என்னை வற்புறுத்தக் கூடாது."

"ஏறு!"

அவர் அப்படி எந்நாளும் மிதித்ததில்லை. இருக்கையிலிருந்து எழுந்து, நின்று, உடற்பாரம் முழுவதையும் ஒவ்வொரு மிதியிலும் இறக்கினார். ஒரு வளைவு கடந்தது. இரண்டாம் வளைவில் சங்கிலி முனகிற்று, அவரும் முனகினார். அவள் குதித்து இறங்கிவிட்டாள்.

"நான் நடக்கறேன். நீங்க முன்னால போங்க."

"உன்ன வுட்டுட்டு நான் மட்டும் போயி சூரியனப் பாத்து இன்னா பண்றது? எனக்கா ஒருவேள?"

அவரும் இறங்கித் தள்ளினார். அவள் பின்னாலிருந்து கேரியரைப் பிடித்து உந்தினாள். இருவர்க்கும் மேலே, அடிமரங்களின்மேல் நிழலின் விளிம்பு தெளிவாகத் தெரிந்தது. அதற்குக் கீழே சாம்பல், மேலே பொன். அவர்கள் ஏறினார்கள், விளிம்பும் ஏறிற்று. அவர்கள் ஒரு வளைவைக் கடப்பதற்குள் அது ஒரு மரத்தைக் கடந்தது. மதியம் எத்தனை இதமாக இறங்கிவந்த சாலை! அதே சாலை இப்போது வேண்டுமென்றே வடக்கே ஓடிற்று. திரும்பித் தெற்கே ஓடிற்று. மேலே போவதைத் தவிர மற்றெல்லாம் செய்தது. வண்டிகளுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று வளைத்துப் போட்டவர்கள், பசித்தவளை நினைக்கவில்லை.

ஐந்தாம் வளைவில் ஒற்றையடிப்பாதை ஒன்று சாலையை விட்டுப் பிரிந்து, புதர்களுக்கிடையே நேராகக் கணவாயை நோக்கி ஏறிற்று. படிபடியாகக் கற்கள். தர்மசந்திரன் அதைப் பார்த்தார். தம் சைக்கிளைப் பார்த்தார். இங்கிலாந்தில் செய்து, சென்னையில் வாங்கி, பதினைந்து ஆண்டுகளாகத் தினமும் எண்ணெய் விட்டுத் துடைத்த சைக்கிள். அதை ஒரு வெப்பாலை மரத்தில் சாய்த்தார்.

"வா, இப்படிப் போலாம்."

"சைக்கிள்?"

"கெடக்கட்டும்."

"பூட்டக்கூட இல்லியே!"

"சாவி தேடற நேரத்துல நெழலு இன்னொரு மரம் ஏறிடும் தயா. வா."

தயாவதி அசையவில்லை. அவரையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தூக்கையும் கூஜாவையும் முந்தானையில் முடிந்து தோளில் மாட்டிக்கொண்டு, புடைவையை இழுத்துச் செருகி, கேரியரைக் கையால் பற்றினாள்.

"நீங்க முன்னால புடிங்க. நான் பின்னால தூக்கறேன்."

"உனக்கு இன்னா பைத்தியமா? பட்டினி கெடக்கறவ..."

"பேசிக்கினே இருந்தா மரம் ஏறிடும்னு நீங்கதான சொன்னீங்க? தூக்குங்க!"

நாற்பத்தைந்து வயதுப் பெண்மணியும் அவள் கணவனும், நடுவே ஒரு சைக்கிளைப் பல்லக்கைப்போல் சுமந்துகொண்டு, குரவமலையின் செங்குத்துப் பாதையில் ஏறினார்கள். முன்சக்கரம் திரும்பித் திரும்பி அவர் விலாவில் இடித்தது. பெடல் அவள் முழங்காலைப் பதம் பார்த்தது. ஒரு கல்லில் அவர் வழுக்கியபோது, "பாத்துங்க, இங்க கழனிகூட இல்ல வுழறதுக்கு!" என்றாள் அவள். ஆறு ஆண்டுகளில் அந்தக் கழனியைப்பற்றி அவள் சொன்ன முதற்சொல் அது. தர்மசந்திரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் மூச்சு போயிற்று. மூச்சு போனதில் சைக்கிளை இறக்கிவைக்க வேண்டியதாயிற்று. இருவரும் புதருக்கிடையில் நின்று, ஒருவரையொருவர் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முதலில் சுதாரித்தவள் அவள்தான். "சூரியன்!" என்றாள். மறுபடி தூக்கினார்கள்.

பாதை சாலையில் போய் முட்டிய இடம் கணவாய். மேற்குப் புறத்தில் அடர்ந்த மரங்கள், அவற்றின் இடுக்குகளில் வெளிச்சம் இருந்தது, சூரியன் இல்லை. தர்மசந்திரன் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். வளைவு திரும்பிற்று. மரங்கள் விலகின.

சமவெளிக்கு மேலே, அடிவானத்திலிருந்து இரண்டு முழ உயரத்தில், செம்பருத்தி நிறத்தில், முழு வட்டமாக அது நின்றுகொண்டிருந்தது.

"இருக்குது! தயா, இருக்குது! வா, சீக்கிரம்!"

அவள் வந்தாள். நின்றாள். கண்ணாரப் பார்த்தாள். கைகூப்பினாள். "ஆமா, இருக்குது" என்றாள், சந்தையில் மாங்காயைப் பார்த்துச் சொல்கிறவளைப்போல. பின்னர், அவருடைய அவசரம் தனக்குச் சற்றும் தொடர்பில்லாதது என்பதுபோல், தன் முறைகளைத் தொடங்கினாள். மைல்கல்லுக்கு அருகே இடத்தைக் கையால் தட்டிப் பூச்சி எறும்பு இல்லையென்று பார்த்தாள். இடுப்பிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்தாள்.

"இன்னாத்துக்கு அது?"

"தண்ணி வடிகட்டணும்."

"காலைலதான் வடிகட்டின!"

"காலைல வடிகட்டினது காலைக்கு. புடிங்க இந்த மொனைய."

தர்மசந்திரன் துணியின் இரு முனைகளைப் பிடித்தார். கூஜாவிலிருந்து நீர் தூக்கு மூடிக்குள் துளித்துளியாக வடிந்தது. சூரியன் இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. அல்லது தெரிவதாக அவருக்குப் பட்டது. அவள் கைகழுவினாள். வாய் கொப்பளித்தாள். இலையை விரித்தாள். அவருக்கும் ஒன்று விரித்தாள். மேற்கு நோக்கி அமர்ந்தாள். முதற் கவளத்தை எடுத்து வாயில் வைத்து, நிதானமாக, கடைசிப் பருக்கைவரை மென்று விழுங்கினாள்.

அவர் தம் இலையைத் தொடாமல் அடிவானத்தையும் அவள் கையையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களும் சாப்பிடுங்க."

"நீ சாப்பிடு, சாப்பிடு. வறுவல் அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல சோத்த..."

"அப்புறம் எப்பப் பாக்கறது? சும்மாருங்க. அது எங்கயும் ஓடிடாது. தள்ளிக்கினு வந்தது நீங்களா அதுவா? உங்களுக்குத்தான் மூச்சு வாங்குது." அவள் ஒரு வறுவலை எடுத்துக் கடித்தாள். "உப்பு ஒரு கல்லு கொறைச்சல்."

அவர் உண்ணத் தொடங்கினார். பசித்தவருக்குப் புளியோதரை புளியோதரையாக ருசிப்பதில்லை. அதற்கு மேலே ஏதோவாக ருசிக்கிறது. காற்று மேற்கிலிருந்து வந்தது. மயில் ஒன்று சாலையின் நடுவே வந்து நின்று அவர்களை முறைத்தது. பின்னர், இவர்கள் நகரமாட்டார்கள் என்று கண்டு, தானே நகர்ந்தது. அவர்கள் கால்நீட்டி அமர்ந்திருந்தது தார்ச்சாலையின் ஓரத்தில். ஒரு சக்கரமும் அவர்களை எழுப்பவில்லை. சாலையில் உட்கார்ந்து சோறுண்ணும் உரிமை, அரசர்க்கும் கிட்டாதது, அன்று அந்த இருவர்க்கும் கிட்டியிருந்தது.

வட்டத்தின் அடி மண்ணைத் தொட்டபோது, தயாவதி வடிகட்டிய நீரை அண்ணாந்து பருகினாள். பாதி முழுகியபோது மீதியையும் பருகினாள். மூடியைக் கவிழ்த்து வைத்தாள். நாளைக் காலைவரை ஒன்றும் வேண்டேன் என்னும் சொற்களை உதட்டளவில் சொல்லி, கண்மூடி, கைகூப்பினாள். கண் திறந்தபோது அடிவானத்தில் ஒரு செங்கீற்று மட்டும் எஞ்சியிருந்தது.

"இதான் அஸ்தமனம்" என்றாள்.

இலைகளைப் புதருக்குள் போட்டுவிட்டு, தர்மசந்திரன் சைக்கிளை நிமிர்த்தினார். பின்சக்கரத்தை அமுக்கிப் பார்த்தார், ஒட்டு நின்றிருந்தது. இனி அடிவாரம் வரை இறக்கம். அவர் பிரேக்கை மெல்லப் பிடித்தும் விட்டும் இறங்கினார். வானம் ரோஜா நிறமாகி, பின் ஊதாவாயிற்று. பின்னால், மலைக்கு மேலே, சதுர்த்தசி நிலவு எழுந்து சாலையின் வளைவுகளை வெளுப்பாக்கிற்று. அவள் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனம் எத்தகையது என்று அவருக்கு விளங்கவில்லை. களைப்பா? நிறைவா? இன்றோடு முடிந்தது என்பதா? கேட்டுவிடலாம், ஆனால், விடை வேறாயிருந்தால்? ஒவ்வொரு வளைவிலும் கேட்க நினைத்து, ஒவ்வொரு வளைவிலும் விட்டுவிட்டார்.

அடிவாரத்தில் காசிநாதன் அரிக்கேன் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டீங்களா? பொழுது போச்சேன்னு பாத்துக்கினே இருந்தேன். கடைசி பஸ்ஸு இன்னும் வரல. இன்னாம்மா, எப்படிம்மா இருந்துது? மறுபடி வருவீங்களா?"

தர்மசந்திரன் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை.

"வருவோம்பா," என்றாள் தயாவதி பின்னாலிருந்து. "அடுத்த ஞாயித்துக்கெழம சதுர்த்தசி இல்ல, சாப்பிட்டுட்டே கெளம்பலாம். சாமிக்குப் பூ வெக்க வேற யாரு இருக்கறாங்க?" தூக்கை மடியில் சரிசெய்துகொண்டாள். "அந்த எறக்கத்துல இவரு ரொம்ப பிரேக்கு புடிக்கறாருப்பா. அடுத்ததபா கொஞ்சம் வுடச் சொல்லணும்."

காசிநாதன் சிரித்தார். தர்மசந்திரன் சிரிக்கவில்லை, சிரித்தால் அடக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். கேட்டின் சந்து வழியே சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளியே வந்தார். தயாவதி கேரியரைவிட்டு இறங்கவில்லை. பஸ் வரும் சாலைவரை, சமதரையில், அவளை அப்படியே உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனார்.